லைப்ரரி மிஸ் பையில ஒரு பென் டிரைவ்!

உங்க ஸ்கூல்ல லைப்ரரி எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு டக்குனு சொல்ல முடியுமா? ஹெச்.எம். ரூம், பி.டி. சார் ரூம், சைக்கிள் ஸ்டாண்டு, தண்ணி டேங்க்... எல்லாத்தையும் கண்ணை மூடிட்டுச் சொல்வீங்க. லைப்ரரின்னு கேட்டா மட்டும் கொஞ்சம் மோட்டுவளையைப் பார்ப்பீங்க. நம்மள்ல பல பேருக்கு அது டைம் டேபிள்ல மட்டும் வாழ்ந்த ஓர் அதிசயம். வியாழக்கிழமை ஆறாவது பீரியட் 'லைப்ரரி'ன்னு போட்டிருக்கும். கரெக்டா அந்த நேரத்துக்கு மேத்ஸ் சார் சாக்பீஸோட உள்ளே வந்து, "போர்ஷன் முடியலை"ம்பார். அதோட மேட்டர் ஓவர்!

நான் படிச்சது சீர்காழி பக்கத்துல ஒரு ஸ்கூல். அங்கே அந்த ஆறாவது பீரியடை மட்டும் யாராலயும் தட்டிட்டுப் போக முடியாது. காரணம், எங்க லைப்ரரி மிஸ். மேத்ஸ் சார் வாசல்ல வந்து நின்னா, "வாங்க சார், உங்களுக்கும் ஒரு புக் எடுத்து வெச்சிருக்கேன், உட்காருங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே ஒரு சேரை இழுத்துப் போடுவாங்க. சாரும் உட்கார்ந்துடுவார்!

இப்ப எனக்கு இருபது வயசு. இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். கிளவுட், டேட்டாபேஸ், ஏ.ஐ.ன்னு தினம் தினம் காதுல விழுது. ஆனா, டெக்னாலஜியை யாருக்காகப் பயன்படுத்தணும்னு நான் கத்துக்கிட்டது லேப்ல இல்லைங்க. வரிசையா இரும்பு பீரோ, ரெண்டு ஃபேன், ஒரு பழைய கம்ப்யூட்டர்னு இருந்த அந்த லைப்ரரி ரூம்லதான். அந்தக் கதையை உங்ககிட்ட சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. அது கடைசியில!

நம்ம ஊரு கணக்கு வாத்தியார்

மிஸ் டேபிளுக்குப் பின்னாடி ஒரு படம் மாட்டியிருக்கும். தலைப்பாகை கட்டின ஒருத்தர். ஆறாவதுல நாங்க எல்லாரும் அவரை பாரதியாரோட சொந்தக்காரர்னுதான் நினைச்சோம். அவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். இந்திய நூலகத் துறையின் தந்தை. 1892-ல் பிறந்தது எங்கே தெரியுமா? அட, எங்க சீர்காழியில!

இவர் கதை நமக்கு ரொம்பப் பொருந்தும் பாஸ். அடிப்படையில மனுஷன் ஒரு கணக்கு வாத்தியார். சென்னை பிரசிடென்சி காலேஜ்ல பாடம் எடுத்துட்டு இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். சேர்ந்த சில நாள்லயே செம போர். 'என்னைத் திரும்ப காலேஜுக்கே அனுப்பிடுங்க'ன்னு கேட்டிருக்கார். 'லண்டன் போய் நூலகங்களைப் பார்த்துட்டு வாங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க'ன்னு அனுப்பி வெச்சாங்க. அங்கே ஒரு கடையில 'மெக்கானோ' பொம்மை செட்டைப் பார்த்தார். அதே துண்டுகளை நட்டு, போல்ட் போட்டு மாத்தி மாத்திச் சேர்த்தா கிரேனும் செய்யலாம், பாலமும் கட்டலாம். புத்தகங்களோட சப்ஜெக்டையும் இப்படித் துண்டு துண்டாப் பிரிச்சு சேர்க்கலாமேன்னு பல்பு எரிஞ்சது. அதுதான் 1933-ல் வந்த 'கோலன் கிளாசிஃபிகேஷன்'. அதுக்கு முன்னாடி 1931-லயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதிட்டார். அவர் பிறந்த நாளான ஆகஸ்ட் 12-ஐத்தான் இந்தியாவுல நூலகர் தினமாகக் கொண்டாடறோம்.

அந்த ஐந்து விதிகளோட சாரத்தை எங்க மிஸ் தன்னோட பாஷையில சொல்வாங்க. "புத்தகம் பீரோவுக்கு வாங்கினது இல்லடா, உனக்கு வாங்கினது. உனக்குன்னு ஒண்ணு இங்கே இருக்கு. அதுக்குன்னும் ஒரு ஆள் இருக்கான். ரெண்டு பேரையும் சீக்கிரமா கோத்து விடறதுதான் என் வேலை!"

கிட்டத்தட்ட கல்யாண புரோக்கர் வேலை! அதுக்கு மிஸ்ஸுக்குக் கிடைச்ச அசிஸ்டென்ட்தான் கம்ப்யூட்டர்.

ஊருக்குப் போகாத புத்தகங்கள்

லைப்ரரியை முதல்ல எக்ஸெல்ல ஏத்தினாங்க மிஸ். அப்புறம் 'கோஹா'வுக்கு மாறினாங்க. கோஹா என்னன்னு கேட்கறீங்களா? உலகம் முழுக்க நூலகங்கள் பயன்படுத்தற இலவச சாஃப்ட்வேர். 1999-ல் 'ஒய்டூகே' பயத்துல உலகமே நடுங்கிட்டு இருந்தப்போ, நியூஸிலாந்துல ஒரு சின்ன நூலக அமைப்போட பழைய சிஸ்டம் 2000-ஐத் தாங்காதுன்னு ஆயிடுச்சு. சரி, புதுசாவே எழுதிடுவோம்னு எழுத வெச்சு, 2000 ஜனவரியில ஓட விட்டாங்க. அதோட நிக்காம, யார் வேணும்னாலும் எடுத்துக்கோங்கன்னு உலகத்துக்கே கொடுத்துட்டாங்க. மாவோரி மொழியில கோஹான்னா 'அன்பளிப்பு'ன்னு அர்த்தம்!

எந்த புக் யார்கிட்ட இருக்கு, என்னிக்குத் திரும்ப வரணும்... இதெல்லாம் சாஃப்ட்வேர் சொல்லும். எல்லா லைப்ரரியிலயும் அதுக்குத்தான் வெச்சிருப்பாங்க. எங்க மிஸ் வேற ஒண்ணு கேட்டாங்க. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோஹாவுல ஒரு ரிப்போர்ட் எடுப்பாங்க. 'இதுவரைக்கும் ஒரு தடவைகூட வெளியே போகாத புத்தகங்கள்'. அதுல பத்து புக்கைப் பொறுக்கி வாசல் பக்கத்து பெஞ்சுல அடுக்குவாங்க. மேல ஒரு அட்டை. 'ஊருக்குப் போகாத புத்தகங்கள், யாராவது கூட்டிட்டுப் போங்களேன்!'

சும்மா சொல்லக் கூடாது, மக்கள் போட்டி போட்டுக்கிட்டுக் கூட்டிட்டுப் போனாங்க. நம்மாளுங்களுக்கு 'நீ படி'ன்னு சொன்னாதான் அலர்ஜி. 'பாவம்டா, இதை யாருமே தொடலை'ன்னா உடனே மனசு இளகிடும்ல?

'அகம்' முதல்லயா, 'அக்கா' முதல்லயா?

கொஞ்சம் டெக்னிக்கலா பேசலாமா? பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது.

பன்னிரண்டாவதுல நாங்க பைத்தான் படிச்சோம். மிஸ் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தாங்க. "தமிழ்ப் புத்தகத் தலைப்பை எல்லாம் அகர வரிசையில அடுக்கிக் கொடு. ஆனா, உன் கம்ப்யூட்டருக்கு தமிழ் அகராதி தெரியுமான்னு முதல்ல கேட்டுக்கோ." என்னடா இதுன்னு உட்கார்ந்து தோண்டினா, அது ஒரு தனி உலகம். யூனிகோடுல ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண் வரிசையும் நம்ம அகராதி வரிசையும் ஒண்ணு இல்லை. யூனிகோடுல 'ந'வுக்கு அடுத்தே 'ன' உட்கார்ந்திருக்கும். நம்ம வரிசையில 'ன' கடைசி. புள்ளிக்கான எண், கால், கொம்பு எல்லாத்துக்கும் அப்புறம் வரும். நமக்கோ 'க்' வந்த பிறகுதான் 'க' வரணும். அதனால நேரா சார்ட் பண்ணச் சொன்னா பைத்தான் 'அகம்' முதல்ல, 'அக்கா' பின்னாடின்னு அடுக்கும். தமிழ் அகராதியில அக்காவுக்குத்தான் முதல் மரியாதை!

எழுத்துக்கு எழுத்து நானே வரிசை சொல்லிக் கொடுத்து, நாப்பது வரியில ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். அதை மிஸ் ப்ரின்ட் எடுத்து பீரோ கதவுல ஒட்டினாங்க. அடுத்த வாரம் ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு விரலை வெச்சுத் தடவிக்கிட்டே வந்து, தனக்கு வேண்டிய புக்கை ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சுது. நான் எழுதின ப்ரோக்ராமை ஒருத்தர் நிஜமாவே பயன்படுத்தினதை முதன்முதலா பார்த்தது அப்பதான். இப்ப எத்தனையோ மினி ப்ராஜெக்ட் முடிச்சாச்சு. அந்த ஃபீலிங் வரலை பாஸ்!

பட்டன் போன் லைப்ரரி

2020 மார்ச்ல ஊரடங்கு வந்தப்போ நான் ஒன்பதாவது. அதுக்கு அடுத்த வருஷம் பத்தாவது பப்ளிக் எழுதாமலேயே பாஸ் ஆன பேட்ச் நாங்கதான் (கலாய்க்காதீங்க ப்ளீஸ்!). ஸ்மார்ட்போன் இருந்தவங்களுக்கு வாட்ஸ்அப் கிளாஸ். மத்தவங்களுக்கு? எங்க கிளாஸ்ல பாதிப் பேர் வீட்டுல பட்டன் போன்தான். அதையும் காலையில அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவார்.

மிஸ் என்ன பண்ணினாங்க தெரியுமா? சாயங்காலம் ஏழு மணிக்கு மேல, அப்பாக்கள் வீடு திரும்பின பிறகு, கான்ஃபரன்ஸ் கால் போட்டாங்க. ஒரு கால்ல அஞ்சு பேர். பதினஞ்சு நிமிஷம் கதை. புதுமைப்பித்தன், கல்கி... அப்புறம் அடுத்த அஞ்சு பேர். சில வீட்டுல ஸ்பீக்கர்ல போட்டு பாட்டி வரைக்கும் உட்கார்ந்து கேட்டாங்க. "நேத்து ஏன் மிஸ் அந்த இடத்துல நிறுத்திட்டீங்க?"ன்னு ஒரு அம்மா சண்டை போட்டதா மிஸ்ஸே சொல்லிச் சிரிப்பாங்க.

போன் வெச்சிருந்த எங்களுக்கு வேற வேலை. நாட்டுடைமைன்னா என்னன்னு விளக்கினாங்க. ஓர் எழுத்தாளரோட படைப்புகளை அரசாங்கம் வாங்கி, மக்களுக்குப் பொதுவாக்கிடறது. பாரதியார் படைப்புகளை 1949-லயே அப்படி அரசாங்கம் வாங்கிடுச்சு. அது இல்லாட்டியும், எழுத்தாளர் மறைஞ்சு 60 வருஷம் ஆனா நம்ம நாட்டுல காப்புரிமை முடிஞ்சிடும். அந்த மாதிரி புத்தகங்களை 1998 பொங்கல்ல ஆரம்பிச்ச 'மதுரைத் திட்டம்' தன்னார்வலர்கள் தட்டச்சு பண்ணி, இணையத்துல இலவசமா வெச்சிருக்காங்க. "டெலிகிராம்ல திருட்டு பி.டி.எஃப். எதுக்குடா? சட்டப்படி உனக்குச் சொந்தமானதே இவ்வளவு கிடக்கு"ம்பாங்க.

இதைக் கேட்டு மனசுக்குள்ள தன் போனை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்க்கறவங்க கை தூக்க வேண்டாம்!

பழையாறு பையனோட குரல்

2021 செப்டம்பர்ல ஸ்கூல் திறந்தப்போ மிஸ் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஒரு புக்கைப் படிச்சு முடிச்சா, அதைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசி ரெக்கார்ட் பண்ணணும். அதுக்கு ஒரு க்யூ.ஆர். கோடு. அதை அட்டைக்குள்ள ஒட்டிடுவாங்க. அடுத்து எடுக்கிறவங்க லைப்ரரி டேப்லெட்ல காட்டினா, முன்னாடி படிச்சவங்க குரல் கேட்கும். ஜப்பான்ல டென்ஸோ கம்பெனி 1994-ல் கார் உதிரி பாகங்களை அடையாளம் காண கண்டுபிடிச்சது இந்த க்யூ.ஆர். கோடு. இன்னிக்கு டீக்கடையில காசு கொடுக்கறோம். மிஸ் அதுல ஒருத்தர் குரலை ஒட்டி வெச்சாங்க.

என் கிளாஸ்ல ஒரு ஃப்ரெண்டு, ஊர் பழையாறு. மீன்பிடி துறைமுகம் இருக்கிற ஊர். படிக்கிறதுல ரொம்பத் தடுமாறுவான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். அதனாலேயே லைப்ரரின்னா பின்பக்கம் போய் நின்னுக்குவான். 'ஊருக்குப் போகாத' பெஞ்சுல இருந்து பழைய மீன் புத்தகம் ஒண்ணை எடுத்து அவன் கையில கொடுத்தாங்க மிஸ். படம் இருக்கும், கீழ ரெண்டு வரி இருக்கும். ஒரு மாசம் வெச்சிருந்தான். திருப்பிக் கொடுக்கறப்போ பேசச் சொன்னாங்க. பேசினான் பாருங்க... ரெண்டு நிமிஷம் இல்லை, பதினோரு நிமிஷம்! எந்தக் காத்துக்கு எந்த மீன் மேல வரும், எந்த வலையில எது மாட்டும், புக்ல போட்டிருக்கிற பேருக்கு எங்க ஊர்ல என்ன பேரு, சூடைக்கும் நெத்திலிக்கும் கையில எடுத்தா எப்படி வித்தியாசம் தெரியும்னு அடுக்கறான். நாங்க எல்லாம் வாயைப் பொளந்துட்டு நின்னோம். மிஸ் ஒண்ணுமே சொல்லலை. அந்த க்யூ.ஆர். கோடை மட்டும் ரெண்டு மடங்கு பெருசா ப்ரின்ட் எடுத்து ஒட்டினாங்க.

அந்த வருஷம் அவன் பின்பக்கம் போய் நிக்கவே இல்லை.

44 சென்டிமீட்டர்

2022 நவம்பர் 11. சீர்காழிக்காரங்க மறக்க மாட்டாங்க. ஒரே நாள்ல 44 சென்டிமீட்டர் மழை. வயல், தெரு, வீடு எல்லாம் ஒரே தண்ணி. லைப்ரரி தரைத் தளத்துல இருந்துச்சு. தண்ணி வடிஞ்சு, நாங்க கதவைத் தள்ளித் திறந்தப்போ கம்ப்யூட்டர் மூழ்கிக் கிடந்தது. கீழ் ரெண்டு தட்டுப் புத்தகங்களும் ஊறி, பீரோவுல இறுகிப் போயிருந்தது. வரவுப் பதிவேட்டை எடுத்தா, முப்பது, நாப்பது வருஷமா பேனா மையில எழுதினது எல்லாம் நீலமா கரைஞ்சு ஓடியிருந்தது. எத்தனை புக் இருந்துச்சு, என்னென்ன போச்சுன்னு சொல்லக்கூட ஆதாரம் இல்லை.

மிஸ் முழங்கால் வரைக்கும் சேத்தோட நின்னு, தன்னோட டிபன் பையைத் திறந்தாங்க. உள்ளே பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஒரு பென் டிரைவ். "வெள்ளிக்கிழமை வரைக்கும் எல்லாம் இதுல இருக்கு. மெயில்லயும் ஒரு காப்பி இருக்கு. முதல்ல புக்கைக் காப்பாத்துவோம், வாங்க"ன்னாங்க.

ஈரமான புத்தகத்தை எப்படிக் காப்பாத்தறதுன்னு தெரிஞ்சுக்கோங்க, யாருக்காவது உதவும். நேரடி வெயில்ல போடக் கூடாது, கோணிக்கும். சேறு இருந்தா, புக்கை மூடின மாதிரியே நல்ல தண்ணியில மெதுவா அலசணும். பக்கங்களுக்கு நடுவுல உலர்ந்த தாளை வெச்சு, ஈரமாக ஆக மாத்திக்கிட்டே இருக்கணும். அப்புறம் விசிறி மாதிரி விரிச்சு நிக்க வைக்கணும். பளபள தாள் புக்னா சீக்கிரம் பார்க்கணும், காஞ்சா பக்கங்கள் ஒட்டிக்கும், அப்புறம் பிரிக்கவே முடியாது. ரெண்டு மூணு நாளைக்குள்ள காய வைக்கலைன்னா பூஞ்சை ஏறிடும். எங்களுக்கு கரன்ட்டும் இல்லை. பரீட்சை அட்டையை வெச்சு விசிறினோம். கை கழண்டு போச்சு!

அப்புறம் வேற ஒரு கம்ப்யூட்டர்ல கோஹாவைப் போட்டு, பென் டிரைவ்ல இருந்து எல்லாத்தையும் மீட்டாங்க. லிஸ்ட் எடுத்து ஒவ்வொண்ணா டிக் அடிச்சோம். போன புத்தகங்களை மூணு பத்தியாப் பிரிச்சோம். கடையில கிடைக்கறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல ஸ்கேன் கிடைக்கறது. எங்கே தேடியும் கிடைக்காதது. அந்த மூணாவது பத்தியில இருந்துச்சு, மீன் புத்தகம்.

புத்தகம் போயிடுச்சு. குரல் போகலை. கிடைக்காத புத்தகங்களோட க்யூ.ஆர். கோடுகளை மட்டும் ஒரு சார்ட்டுல ஒட்டி சுவத்துல மாட்டினாங்க மிஸ்.

போன செமஸ்டர் கிளவுட் கிளாஸ்ல '3-2-1 பேக்கப் ரூல்'னு ஒரு ஸ்லைடு வந்துச்சு. டேட்டா மூணு காப்பி இருக்கணும், ரெண்டு விதமான சாதனத்துல இருக்கணும், அதுல ஒண்ணு வேற இடத்துல இருக்கணும். கம்ப்யூட்டர்ல ஒண்ணு, டிபன் பையில ஒண்ணு, மெயில்ல ஒண்ணு. எனக்கு அந்த ஸ்லைடை மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியமே வரலை!

இப்ப காரணத்துக்கு வர்றேன்

2024 மே மாசம் மிஸ் ரிட்டயர் ஆயிட்டாங்க. அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரலை. ரூம் பூட்டியே கிடந்தது. ஓரத்துல உடைஞ்ச பெஞ்சு எல்லாம் அடுக்கிட்டாங்க. நானும் என் கூடப் படிச்ச நாலு பேரும் ஹெச்.எம்.கிட்ட பேசி, ரெண்டாவது சனிக்கிழமைகள்ல ஸ்பெஷல் கிளாஸ் நேரத்துல திறக்கறதுக்கு அனுமதி வாங்கினோம். முதல் நாள் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி, ஓர் ஆசைக்கு மிஸ்ஸோட வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் மாதிரி ஒண்ணு எடுத்தேன். 'கடந்த ஒரு வருஷத்துல ஒரு தடவைகூட வெளியே போகாத புத்தகங்கள்'. ஸ்க்ரோல் பண்றேன், பண்றேன், முடியவே இல்லை. மொத்த லைப்ரரியும் அந்த லிஸ்ட்ல இருந்துச்சு.

சாஃப்ட்வேர்ல ஒரு குறையும் இல்லை. டேட்டா பத்திரமா இருக்கு. குரல்கள்கூட இருக்கு. "இது உனக்குடா"ன்னு எடுத்துக் கொடுக்கற கைதான் இல்லை.

அன்னிக்கு வந்தது மூணே மூணு பேர். அதுல ஆறாவது படிக்கிற ஒரு வாண்டு சுவத்துல இருந்த சார்ட்டைப் பார்த்துட்டு டேப்லெட்டைக் கேட்டு வாங்கிச்சு. பழையாறு பையன் குரலை மூணு தடவை கேட்டுச்சு. அப்புறம் என்கிட்ட வந்து, "அண்ணா, இந்த புக் எங்கேண்ணா இருக்கு?"ன்னுச்சு. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. ராத்திரி அவனுக்கே போன் பண்ணினேன். இப்ப அவன் அப்பாவோட போட்டுக்குப் போறான். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அந்தப் பாப்பாவை இருக்கச் சொல்லுடா. அடுத்த தடவை நானே வந்து சொல்றேன்"னான்.

வந்தான். அன்னிக்கு பதினாலு பேர்!

இதுல உங்களுக்கு என்ன வேலைன்னு கேட்கறீங்களா? இருக்கு. செம் லீவுல ஊருக்குப் போவீங்கல்ல, ஒரு நாள் உங்க பழைய ஸ்கூலுக்குப் போங்க. லைப்ரரி எங்கேன்னு கேளுங்க. சாவி யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க. அனுமதி வாங்கி, வரவுப் பதிவேட்டை ஒரு பக்கம் விடாம போன்ல போட்டோ எடுத்து ஸ்கூலுக்கு ஒரு காப்பி, மெயில்ல ஒரு காப்பி போட்டு வைங்க. கோடிங் தெரியாட்டியும் பரவாயில்லை, அரை நாள் வேலைதான். கிளம்பறதுக்கு முன்னாடி, யாருமே தொடாத மாதிரி தெரியற ஒரு புக்கை எடுத்து, அந்தப் பக்கமா போற ஒரு வாண்டு கையில கொடுத்துட்டு வாங்க. எங்க மிஸ் அதைத்தான் பண்ணுவாங்க.